படகில் ஏறும் வழி

அரபு மொழியில் மரக்கலத்தைக் குறிக்கும் சொற்கள் பல. ‘ஸஃபீனா’ என்பது நீரின் மேற்பரப்பைச் சீவிக்கொண்டு செல்வது எனப் பொருள்படும் என்பர் அகராதி வல்லார். ‘ஜாரியா’ என்பது ஓடுவது. ‘மர்கப்’ என்பதோ ‘ரகிப’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். ஏறுமிடம், ஏறப்படுவது என்பதே அதன் நேர்ப்பொருள். குதிரையின் மீது ஏறுவதற்கும் ஒட்டகத்தின் மீது ஏறுவதற்கும் கப்பலில் ஏறுவதற்கும் அரபியர் அந்த ஒரே வினையை ஆண்டனர். நம் கடற்கரை ஊர்களில் வழங்கும் ‘மரைக்காயர்’ என்னும் பட்டம் இந்த மர்கபிலிருந்து வந்ததா, ‘மரக்கலராயர்’ என்பதன் மரூஉவா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதில் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ‘ஏறப்படுவது’ என்னும் பொருள் ஒன்றே ஈண்டு நமக்கு வேண்டுவது.

ஏறப்படுவது எதுவாயினும் அதற்கு ஏறும் வழி ஒன்று வேண்டும். குதிரைக்குச் சேணத்தில் அங்கவடி உண்டு. ஒட்டகம் முழங்கால் மடித்துப் படுத்துக் கொடுக்கும். படகில் கரையிலிருந்து ஏறுவோனுக்குப் பலகையும் ஏணியும் உள. ஆனால் நீருக்குள்ளிருந்து ஏற வேண்டியவனுக்கு? மேலைநாட்டுச் சிறு டிராலர் படகுகளின் பின்புறத்தில், நீர்மட்டத்துக்குச் சற்றே மேலாக ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். நீச்சல் மேடை என்பது அதன் பெயர். பெயரைக் கேட்ட அளவிலேயே, ‘செல்வர்களின் விளையாட்டுக்குச் செய்யப்பட்ட ஒன்று’ என்று நம்மவர் ஒதுக்கிவிடக்கூடும். நீரில் விழுந்தவன் மீண்டும் ஏறுவது எப்படி என்னும் வினாவுக்கு டிராலர் மரபு மிகத் தாமதமாகக் கண்ட விடை அது என்பதே உண்மை.

கடலிலிருந்து எது மேலே வரும் என்று படகு எதிர்பார்க்கிறதோ, அதற்கே அது வழி செய்துவைக்கிறது. மரக்கல வரலாற்றைப் புரட்டிப் பார்க்குமிடமெல்லாம் இவ்வுண்மை தென்படும்.

அரபு வளைகுடாவின் முத்துக்குளிப்புப் படகுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே கடலிலிருந்து மேலே வருபவன் மனிதன். ‘பெருங்குளிப்பு’ என்று பெயர் பெற்ற கோடைப் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடிக்கும். ஸம்பூக்கும் அதனையொத்த பிற கலங்களும் முத்துப்படுகையில் நங்கூரமிட்டு நிற்கையில், துடுப்புகளை எல்லாம் இருபக்கமும் நீட்டி, அசையாவண்ணம் கட்டிவிடுவர். படகைச் செலுத்திய துடுப்பு, குளிப்பவன் பற்றிக்கொள்ளும் கிளையாக மாறிவிடும். ‘கைஸ்’ எனப்படும் குளிப்பாளி காலில் கல்லுடன் இறங்குவான். மேலே அவனுடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ‘ஸைப்’ நிற்பான். அடியிலிருந்து கயிறு சுண்டப்பட்டதும் ஸைப் இழுப்பான். மேலே வந்தவன் ஒவ்வொரு முறையும் படகுக்குள் ஏறுவதில்லை. துடுப்பையும் கயிற்றையும் பற்றியவாறு நீரிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் மூழ்குவான். மூக்கை இறுக்கும் கிடுக்கியையும் இடுப்பில் கட்டிய கயிற்றையும் பதினான்காம் நூற்றாண்டுப் பயணியான இப்னு பதூதா குறித்துவைத்துள்ளார். குளிப்பாளிகள் நாகுதாக்களிடம் பட்ட கடன் தலைமுறை தலைமுறையாகத் தீராமல் கிடந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. அத்தொழிலைப் பொற்காலமாக்கிப் பாடுவோர் குளித்தவர்கள் அல்லர். ஆயினும் ஒன்று: அப்படகில் நீரில் இருப்பவனுக்கென ஒரு கயிறு இருந்தது, கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆளும் இருந்தான்.

நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வேறொரு வகை. அதற்கு விளிம்பு என்பதே இல்லை. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய அதன் இடுக்குகளில் அலை ஏறி, அவ்வழியே இறங்கியும் போய்விடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. விழுந்தவன் மார்பைச் சாய்த்து மேலே புரண்டால் போதும். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயணநூலில் இக்கலத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே குறிப்பிட்டார். அந்தப் பெயர் பின்னர் மேலைநாட்டு இரட்டையுடற் படகுகளுக்குச் சென்று ஒட்டிக்கொண்டது வேறு கதை. நீரை உள்ளே விடாமல் தடுப்பதைவிட, வந்த நீரை உடனே போகவிடுவது என்னும் கட்டுமரத்தின் நெறியை நினைவில் இருத்திக்கொள்க. பின்னர் அது நமக்குப் பயன்படும்.

இனி டிராலருக்கு வருவோம். டிராலர் என்பது அடியில் வலையை இழுத்துச் செல்லும் கலம். நம் மீனவர் வாய்மொழியில் இழுவைமடிப் படகு. இதன் வரலாறு ஒரு முறையீட்டுடன் தொடங்குகிறது. 1376ஆம் ஆண்டளவில், மூன்றாம் எட்வர்டு மன்னரின் காலத்தில், இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் ஒரு மனு வைக்கப்பட்டது. மூன்று பாகம் நீளமும் பத்தடி அகலமும் கொண்ட ஒரு புதுவகை வலை கடலடியைச் சுரண்டி, சின்னஞ்சிறு மீன்களையும் வாரிவிடுகிறது. அவற்றைப் பன்றிக்குத்தான் போடுகிறார்கள். ஆதலால் அதனைத் தடைசெய்ய வேண்டும் என்பது மனுவின் சாரம். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நம் மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் நாட்டுப்படகு மீனவர் எழுப்பிய முறையீட்டுக்கும் இதற்கும் சொல்லில் மட்டுமே வேற்றுமை உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிக்சம், ஹல், கிரிம்ஸ்பி ஆகிய துறைகளிலிருந்து பாய்மர டிராலர்கள் நூற்றுக்கணக்கில் வட கடலுக்குச் சென்றன. 1881இல் கிரிம்ஸ்பிக்காகக் கட்டப்பட்ட ‘சோடியாக்’ நீராவி டிராலர்களின் காலத்தைத் தொடங்கிவைத்தது. அக்கலங்களிலெல்லாம் வலை பக்கவாட்டில் ஏற்றப்படும். அதற்காகப் படகின் நடுப்பகுதியில் விளிம்பைத் தாழ்வாக அமைத்தனர். வலை ஏறும் வழியே அலை ஏறும் வழியுமாயிற்று. வலையை ஏற்றும்போது கலத்தைக் காற்றுக்கு விலாப்புறமாக நிறுத்த வேண்டும். தாழ்ந்த விளிம்பருகே நின்றோரை அலை வாரிக்கொண்டு போனதுண்டு.

இதற்கு மாற்று, திமிங்கில வேட்டையிலிருந்து வந்தது. நார்வே நாட்டவர் 1925இல் ‘லான்சிங்’ என்னும் கப்பலின் பின்புறத்தில் ஒரு சரிவுப் பாதையை அமைத்து, திமிங்கிலத்தை முழுதாக மேலே இழுத்தனர். அதே சரிவை வலைக்கும் அமைத்தால் என்ன என்று ஸ்காட்லாந்தின் சால்வெசன் நிறுவனத்தார் எண்ணினர். அவர்களுக்காக அபர்டீனில் கட்டப்பட்ட ‘ஃபேர்டிரை’ 1954இல் கடலுக்குச் சென்றது. பின்புறம் வலை ஏற்றும் பெருங்கலங்களுக்கு அதுவே முன்மாதிரி. வலைக்குத் தனிவழி கிடைத்துவிட்டதால் பக்கச் சுவர்களை உயர்த்த முடிந்தது. மேல்தளத்தில் நின்றோருக்குக் காப்புப் பெருகியது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. எத்தனையோ டன் வலை ஏறுவதற்கு இராஜபாட்டை அமைத்த அந்நூற்றாண்டு, எழுபது கிலோ மனிதன் ஏறுவதற்கு ஒரு படியும் வைக்கவில்லை. உயர்ந்த சுவர் கடலை வெளியே நிறுத்தியது. கடலில் விழுந்தவனையும் அது வெளியிலேயே நிறுத்தியது.

‘அந்நாள் மாலுமிக்கு நீந்தத் தெரியாதா?’ என்று கேட்கலாம். பெரும்பாலோர்க்குத் தெரியாது என்பதே வியப்பான உண்மை. 1895 முதல் 1898 வரை தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதரான ஜோஷுவா ஸ்லோக்கமுக்கும் நீந்தத் தெரியாது. விழுந்தால் முடிவு என்னும் மனநிலை வேரூன்றிய இடத்தில், ஏறும் வழியைப் பற்றி எண்ணுவார் யார்?

நிற்க. டிராலரின் உருவம் மீனவரிடமிருந்து குடும்பஸ்தரிடம் சென்றது 1960களில். மீன்பிடிக் கலத்தின் ஆழ்ந்த உடலும் நிதான நடையும் நெடும்பயணத்துக்கு உகந்தவை எனச் சிலர் கண்டனர். அமெரிக்கக் கடற்படையின் முன்னாள் அதிகாரியான ராபர்ட் பீபி, தாம் வரைந்த ஐம்பதடிக் கலமான ‘பாசேஜ்மேக்கரை’ச் சிங்கப்பூரில் கட்டுவித்து, 1963இல் அங்கிருந்து கிரேக்க நாடு வரை சென்றார். பாயை நம்பாமல் டீசலை நம்பிய சிறு கலமும் பெருங்கடல் தாண்டும் என்பதை அப்பயணம் காட்டிற்று. 1975இல் அவர் எழுதிய நூல் அத்துறைக்கு இலக்கணமாயிற்று. அதே 1963இல் ஹாங்காங்கின் அமெரிக்கன் மரீன் பட்டறையில் கென்னத் ஸ்மித் என்பார் வரைந்த 36 அடிப் படகு ‘ஸ்பிரே’ இறக்கப்பட்டது. அதன் வழியில் பிறந்தவையே ‘கிராண்ட் பேங்க்ஸ்’ படகுகள். நியூபவுண்ட்லாந்தை அடுத்த புகழ்மிக்க மீன்பிடி மேட்டின் பெயர் அது. பெயரும் முகமும் மீனவருடையவை. உள்ளே இருந்ததோ அடுக்களையும் படுக்கையும். 1973 வரை மரத்தாலும், அதன்பின் கண்ணாடியிழையாலும் அவற்றைக் கட்டினர். இவ்வகைப் படகு எட்டுக் கடல்மைல் வேகத்தை எளிதில் தாண்டாது. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவதே இத்தகைய உடலின் இயல்பான வேக எல்லை என்பது படகியலார் கணக்கு.

வலை போய்விட்டது, பின்புறம் வெறுமையாயிற்று. ஆனால் இறங்கவும் ஏறவும் இப்போது ஆட்கள் இருந்தனர்: நீந்தும் பிள்ளைகள், துணைத்தோணியில் கரைக்குச் சென்று காய்கறி வாங்கிவரும் இல்லத்தார், உந்துவிசிறியில் சுற்றிய கயிற்றை அறுக்க மூழ்கும் படகுக்காரர். மார்பளவு உயர்ந்து நின்ற பின்பலகை அனைவருக்கும் தடை. ஆகவே அப்பலகையில் தாங்கிகளைப் பொருத்தி, அவற்றின்மேல் தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய மேடை ஒன்று வந்து சேர்ந்தது. அந்த இடைவெளி அழகுக்கு விடப்பட்டதன்று. பின்னிருந்து வரும் அலை மேடையின் அடியில் மோதும்போது, முழுப்பலகையாக இருந்தால் தாங்கிகளையே பெயர்த்துவிடும். இடுக்குகள் இருப்பதால் நீர் மேலே பீறிட்டு, மீண்டும் வடிந்துபோகிறது. கட்டுமரத்தின் நெறி இதுவே. அதனைப் பார்த்து இதனைச் செய்தார்கள் என்று நான் கூற வரவில்லை. கடல் ஒரே பாடத்தை இரு கரைகளில் நடத்தியிருக்கிறது, அவ்வளவே.

மேடையின் பயனை அறிய, நீரில் கிடப்பவனின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். நீருக்குள் உடல் ஏறக்குறைய எடையற்றது. விளிம்பைப் பற்றி மேலே எழும்ப முயலும் கணத்தில், நீருக்கு மேல் வந்த ஒவ்வொரு சாணும் தன் முழு எடையைப் பெறுகிறது. நனைந்த உடையின் நீர்ப்பாரமும் உடன் சேர்கிறது. காலுக்கோ ஊன்ற இடமில்லை. ஊன்றத் தேடும் கால்கள் படகின் வளைந்த அடிப்புறத்துக்குக் கீழே இழுத்துச் செல்லப்படும். கைகள் மட்டுமே மிஞ்சுகின்றன. குளிர்ந்த கடலில் அந்தக் கைகளும் வெகுநேரம் இல்லை. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதனை ‘ஒன்று, பத்து, ஒன்று’ என்று சுருக்கிக் கூறுவார். உறைகுளிர் நீரில் விழுந்தவனுக்கு மூச்சை அடக்கி நிலைப்பட ஒரு நிமிடம். கைகால்கள் சொற்படி கேட்பது பத்து நிமிடம். உணர்விழக்க ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏறாதவன், படகைத் தொட்டுக்கொண்டிருந்தும் அதற்கு வெளியிலேயே மடிவான். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருக்கும் தட்டும், அதிலிருந்து நீருக்குள் இறங்கும் ஏணியும் அவனுக்கு எத்தகையவை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஏணி நீருக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நீர்மட்டத்தோடு நின்றுவிடும் ஏணி பயனற்றது; கடைசிப் படியில் கால் வைக்க முழங்காலை மார்புவரை உயர்த்த வேண்டியிருக்கும். மேலே மடித்துக் கட்டிவைத்த ஏணியும் அத்தன்மையதே. தனியாகச் செல்பவன் விழுந்துவிட்டால் அதனை அவிழ்த்துவிடுபவர் யார்? மேடையின் கீழ் உள்ளொடுங்கி, நீரிலிருந்தே கைநீட்டி இழுத்துக்கொள்ளக்கூடிய ஏணிகள் பின்னர் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் இயற்றிய உல்லாசப் படகு விதியில், விழாமல் காப்பதும் மீண்டும் ஏற வழிசெய்வதும் படகமைப்பின் கடமை என்று கூறப்பட்டது. 2013இல் அதனைப் புதுப்பித்தபோது, நீரில் இருப்பவர் பிறர் துணையின்றியே அந்த வழியை அடையவோ இறக்கிக்கொள்ளவோ இயல வேண்டும் என்று சேர்த்தனர். ‘துணையின்றி’ என்ற அச்சொல் வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

மேடையிலும் குறைகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. படகுத்துறைகள் பலவற்றில் முழு நீளத்தையும் அளந்தே வாடகை கேட்பர். மேடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். இது சிறு சங்கடம். கொந்தளிக்கும் கடலில் படகின் பின்புறம் எழுந்து எழுந்து விழும். அப்போது மேடை சம்மட்டியாகி, அடியில் இருப்பவனின் தலையைத் தாக்கக்கூடும். அத்தகைய நேரங்களில் படகின் நடுப்பக்கத்திலேயே ஆளைத் தூக்குவது நலம். உந்துவிசிறி மேடைக்கு அருகிலேயே சுழல்வது. எஞ்சினை நிறுத்தாமல் எவரையும் அப்பக்கம் அழைத்தலாகாது.

இவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் பவல் ஏரியில், ஒரு வீட்டுப்படகின் பின்மேடையருகே நீந்திய சகோதரர் இருவர் இறந்தனர். மூத்தவனுக்குப் பதினொரு வயது, இளையவனுக்கு எட்டு. படகின் ஜெனரேட்டர் புகை மேடைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் தேங்கி, கார்பன் மோனாக்சைடு நிரம்பிக்கிடந்தது. ஏறுவதற்கென்று செய்த தட்டே நஞ்சுக்கு மூடியாகிவிட்டது. ஓடும் படகின் மேடையைப் பற்றிக்கொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டும் இதே காரணத்தால் உயிர்களைக் குடித்தது. கலிபோர்னியா மாநிலம் 2004இல் சட்டம் இயற்றி அதனைத் தடுத்தது. டிராலர்கள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை; பெட்ரோல் எஞ்சினைவிட டீசலில் இந்த நஞ்சு மிகக் குறைவு. குறைவு என்பது இல்லை என்பதாகாது.

உல்லாசத்துக்கு வந்த படகு ஏறும் வழியைக் கண்டுகொண்டது. ஆனால் அதற்கு உருவம் கொடுத்த மீன்பிடிப் படகின் கதி என்ன? அமெரிக்காவில் 2000 முதல் 2016 வரை, தொழில்முறை மீனவர் 204 பேர் படகிலிருந்து தவறி விழுந்து இறந்ததாக அந்நாட்டுத் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுள் ஒருவர்கூட மிதவை அங்கி அணிந்திருக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் விழுந்ததை எவரும் காணவில்லை. ஐரோப்பாவின் 2013 விதியோ விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் கட்டப்பட்ட, இரண்டரை மீட்டர் முதல் இருபத்துநான்கு மீட்டர் வரையுள்ள படகுகளுக்கே உரியது. மீன்பிடிப் படகு அதற்குள் வராது.

மீன்பிடி டிராலரில் அம்மேடையை அப்படியே வைக்கவும் இயலாது. பின்புறம் வலை செல்லும் பாதை; நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் வலையும் கம்பியும் சிக்கும். இதை அறியாமல் ‘உங்கள் படகிலும் மேடை வையுங்கள்’ என்று மீனவருக்கு அறிவுரை கூறுவது கரையில் இருப்போரின் பழக்கம். அவர்களுக்கு வேண்டுவது பக்கவாட்டில், வலையின் பாதைக்கு விலகிய இடத்தில், ஓர் ஏணி. நீருக்குள் மூன்று படிகளேனும் இறங்கும் கயிற்றேணி ஒன்றைச் சுருட்டி விளிம்பில் கட்டி, அதனை அவிழ்க்கும் கயிற்றின் நுனியை நீர்மட்டம் வரை தொங்கவிட்டால், கீழிருப்பவன் அதைச் சுண்டி ஏணியை விரித்துக்கொள்ளலாம். வளைகுடாவில் குளிப்பாளி கயிற்றைச் சுண்டியபோது மேலே ஸைப் இருந்தான். இங்கே அவனுடைய வேலையை ஒரு முடிச்சுச் செய்கிறது.

1952இல் கையெழுத்தான இந்தோ-நார்வே ஒப்பந்தத்தின் வழியே, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் எஞ்சின் பொருத்திய சிறுபடகுகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து இறாலுக்காக இழுவைமடி நம் கரைகளெங்கும் பரவியது. கட்டுமரத்தில் நீர்மட்டத்தோடு நின்று தொழில் செய்தவர்களின் மக்கள், நீருக்கு மேல் ஆளுயரச் சுவர் கொண்ட விசைப்படகுக்கு மாறினர். அப்படகுகளின் விலாவில் பழைய டயர்கள் தொங்குவதை எந்தத் துறைமுகத்திலும் காணலாம். துறைச்சுவரில் உரசாமல் படகைக் காப்பதற்காகக் கட்டப்பட்டவை அவை. கடலில் விழுந்தவன் மேலே ஏறத் தேடும்போது, கைக்கு எட்டுவதும் பெரும்பாலும் அந்த டயர்தான்.